சட்டமன்றத்தை வகுப்பறைக்குள் கொண்டுவருவது எப்படி? ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் நானும் கரும்பலகையில் அம்புக்குறிதான் போட்டுக்கொண்டிருந்தேன். அறிமுகம், முதல் வாசிப்பு, குழு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு, மற்றோர் அவை, ஒப்புதல். மாணவர்கள் அதை அப்படியே எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினார்கள். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“குழுவில் என்ன செய்வார்கள், சார்?”

“மசோதாவை ஆராய்வார்கள்.”

“ஆராய்வது என்றால்?”

“நன்றாகப் பார்ப்பார்கள்” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

அம்புக்குறிப் படம் ஒரு மசோதா எந்தெந்த வாசலில் நுழைகிறது என்று காட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாது. உள்ளே நடப்பது சொல் மீதான சண்டை. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத பல நூறு பேர், கடைசியில் எல்லோரையும் கட்டுப்படுத்தப்போகும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்க வேண்டும். எந்தச் சொல் உள்ளே, எந்தச் சொல் வெளியே என்பதுதான் அங்கே பேரம். இதை மாணவர்கள் தாங்களே செய்து பார்த்துவிட்டால் மற்றவை தாமாகவே மனத்தில் நிற்கும். 13 முதல் 15 வயதுள்ள 40 பேர் கொண்ட வகுப்பையும் எட்டுப் பாடவேளைகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கூடக் குறைய இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆசிரியர் முதலில் தெளியவேண்டியவை

சட்டமன்றத்துக்கு மூன்று வேலைகள். சட்டம் இயற்றுவது, அரசின் வரவு செலவுக்கு அனுமதி தருவது, ஆட்சியில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பது. பாடநூல்கள் முதல் வேலைக்கே பக்கங்களை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் ஆளுக்கு இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் வரலாற்றில் மன்னர்களை நாடாளுமன்றத்தின் முன் பணியவைத்தது பணம்தான். அவை சம்மதிக்காமல் வரி இல்லை என்ற ஒற்றைப் பிடியிலிருந்தே இங்கிலாந்து நாடாளுமன்றம் வளர்ந்தது.

இன்னொரு சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. “அரசு” என்று சொன்னால் சட்டமன்றம், அமைச்சரவை, மாவட்ட அலுவலகம் எல்லாம் ஒரே மூட்டையாக மாணவர் மனத்தில் விழுகிறது. “சட்டமன்ற உறுப்பினரின் வேலை என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். சாலை போடுவது, குடிநீர்க் குழாய் அமைப்பது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சாலை போடுவது நிர்வாகத்தின் வேலை. சாலைக்குப் பணம் ஒதுக்க வாக்களிப்பதும், போட்ட சாலை ஏன் பெயர்ந்தது என்று கேட்பதும் உறுப்பினரின் வேலை. இந்தியாவில் 1993இல் வந்த நாடாளுமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி இந்தக் கோட்டை இன்னும் மங்கலாக்கிவிட்டது. உறுப்பினரே பணிகளைப் பரிந்துரைக்கலாம் என்று ஆன பிறகு, மாணவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

மூன்றாவதாக, எல்லா நாடுகளிலும் ஒரே ஏற்பாடு இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்தியா, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவையின் நம்பிக்கையை இழந்தால் ஆட்சி போய்விடும். அமெரிக்காவில் ஒரு செனட்டர் அமைச்சரானால் செனட் பதவியை விட்டுவிட வேண்டும். இலங்கை இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது: ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலிருந்து வருகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பாடத்திட்டங்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே எடுத்து நடத்தினால், வேறு நாட்டு மாணவர்கள் தங்கள் நாட்டிலும் தலைவர் ‘வீட்டோ’ போட்டு, அதாவது ஒப்புதல் மறுத்து, மசோதாவைத் தடுப்பார் என்று நம்பிக்கொண்டு போவார்கள்.

முதல் படி: ஒரு சட்டத்தைக் கையில் கொடுங்கள்

சட்டத்தைப் பற்றிப் படித்த மாணவர்கள் உண்டு. சட்டத்தைப் படித்த மாணவர்கள் அரிது. எனவே முதல் பாடவேளையில் உங்கள் நாட்டின் சிறிய சட்டம் ஒன்றை அச்செடுத்துக் கொடுங்கள். இந்திய மாணவர்கள் என்றால் 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் நன்றாகப் பொருந்தும். சில பக்கங்கள்தான்; எதைப் பற்றியது என்று விளக்கத் தேவையில்லை.

படித்துவிட்டு ஐந்து கேள்விகளுக்கு விடை தேடச் சொல்லுங்கள். இது யாரைக் கட்டுப்படுத்துகிறது? எந்தச் சொல்லுக்கு வரையறை தருகிறது? மீறினால் என்ன? எப்போது நடைமுறைக்கு வருகிறது? விவரமான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை யாரிடம் விடுகிறது? கடைசிக் கேள்வி கடினமானது. ஆனால் சட்டமன்றம் எலும்புக்கூட்டைத் தந்துவிட்டுச் சதையைப் பூசும் வேலையை நிர்வாகத்திடம் விடுகிறது என்பதை மாணவர்கள் கண்டுபிடிக்கும் இடமும் அதுதான்.

பிறகு “வேண்டும்” என்று முடியும் வாக்கியங்களை ஒரு நிறத்திலும் “லாம்” என்று முடிபவற்றை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். “அதிகாரி விசாரிக்க வேண்டும்” என்பதற்கும் “அதிகாரி விசாரிக்கலாம்” என்பதற்கும் இடையில் எத்தனை பேருடைய நியாயம் தொங்குகிறது என்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். விகுதிக்கு இத்தனை அதிகாரம் உண்டு என்று தமிழாசிரியர்கூடச் சொன்னதில்லை என்றான் ஒரு மாணவன்.

இரண்டாம் படி: உண்மையான மசோதா

மாதிரி சட்டமன்றம் நடத்தும் பலர் மரண தண்டனை, வாக்களிக்கும் வயது போன்ற பெரிய பொருள்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அதற்கு எதிரி. மாணவர்கள் தொலைக்காட்சியில் கேட்டதையோ வீட்டில் கேட்டதையோ திருப்பிச் சொல்வார்கள். நிறைவேறினாலும் எதுவும் மாறாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வாழ்க்கையைத் தொடும் பொருளாக, பள்ளி உண்மையிலேயே விட்டுக்கொடுக்கத் தயாராக உள்ள பொருளாகத் தேடுங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, “இந்த எல்லைக்குள் எதை நிறைவேற்றினாலும் ஒரு மாதம் நடைமுறைப்படுத்துவேன்” என்று எழுதி வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் நடப்பது நாடகம்.

எங்களுக்குக் கிடைத்த பொருள் மதிய இடைவேளையில் விளையாட்டுத் திடல். பெரிய வகுப்பு மாணவர்கள் கால்பந்தோடு திடலை நிரப்பிவிடுவார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புக் குழந்தைகள் சுவரோரம் நிற்பார்கள். மாணவிகள் திடல் பக்கமே போவதில்லை. மாணவர்கள் எழுதிய முதல் வாசகம் இது: “இடைவேளையில் விளையாட்டுத் திடலை அனைவரும் சமமாகப் பயன்படுத்தலாம்.”

யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டேன். ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. இன்றைக்கும் அனைவரும் பயன்படுத்தலாம்தானே, யார் தடுத்தது என்று கேட்டபோதுதான் பேச்சு சூடுபிடித்தது. மணி அடிப்பதற்குள் வாசகம் இப்படி மாறியிருந்தது: “திங்கள், புதன் ஆகிய நாள்களில் மதிய இடைவேளையின்போது திடலின் பாதி, ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.” இப்போது கால்பந்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மசோதா பிறந்துவிட்டது.

மூன்றாம் படி: இருக்கைப் பங்கீடு

40 பேரில் ஒருவர் அவைத்தலைவர், ஒருவர் அவைச் செயலர், இருவர் அவைக்குறிப்பு எழுதுபவர்கள், ஒருவர் மசோதாவின் வாசகத்தைத் திருத்தி எழுதும் வரைவாளர். மீதி 35 பேர் வாக்களிக்கும் உறுப்பினர்கள். பெரும்பான்மைக்கு 18 தேவை. அவர்களை 16, 12, 7 என்று மூன்று கட்சிகளாகப் பிரியுங்கள். 20க்கு 15 என்று பிரித்தால் முடிவு முதல் நாளே தெரிந்துவிடும். பிறகு யார் பேச்சையும் யாரும் கேட்க மாட்டார்கள். 16, 12, 7 என்று வைத்தால் பெரிய கட்சி மற்ற இரண்டில் ஒன்றின் வாசலில் போய் நிற்க வேண்டும். ஏழு பேர் கொண்ட கட்சிக்கு எத்தனை மவுசு கூடுகிறது என்று மாணவர்கள் அன்றே கண்டுகொள்வார்கள்.

கட்சிகளுக்கு நிறத்தின் பெயரோ மரத்தின் பெயரோ போதும். உண்மையான கட்சிப் பெயர்கள் வேண்டாம். வீட்டுத் திண்ணையில் நடக்கும் சண்டை வகுப்புக்குள் வந்துவிடும்.

ஒவ்வோர் உறுப்பினருக்கும் குலுக்கல் முறையில் ஒரு தொகுதி கொடுங்கள். பள்ளியின் வகுப்புப் பிரிவுகளே தொகுதிகள். அவர் அந்த வகுப்புக்குப் போய்க் குறைந்தது மூன்று பேரிடம் திடலைப் பற்றிக் கேட்டு எழுதிவர வேண்டும். கால்பந்துப் பித்தன் ஒருவனுக்கு ஆறாம் வகுப்புத் தொகுதி விழுந்தது. தன் ஆசைப்படி பேசுவதா, தொகுதி சொன்னபடி பேசுவதா என்று அவன் பட்ட அவஸ்தையைப் பார்த்தபோது, பிரதிநிதித்துவம் பற்றி நான் தயாரித்திருந்த குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவைத்தலைவராக நன்றாகப் பேசும் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் தவற்றைச் செய்யாதீர்கள். விளையாட்டில் நடுவராக நின்றால் யாரும் மறுத்துப் பேசாத மாணவர் யாரோ, அவர்தான் வேண்டும். பிரிட்டனில் அவைத்தலைவர் தேர்வானதும் தம் கட்சியை விட்டே விலகிவிடுகிறார். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் முதல் சுற்றில் வாக்களிக்காமல், வாக்குகள் சமமானால் மட்டும் தம் வாக்கைப் போடுகிறார்.

மேசைகளை எப்படிப் போடுவது என்பதையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1941இல் குண்டுவீச்சில் பிரிட்டனின் மக்களவை மண்டபம் அழிந்தது. திரும்பக் கட்டும் பேச்சு 1943இல் வந்தபோது, அரைவட்டம் வேண்டாம், இரு தரப்பும் எதிரெதிரே அமரும் நீள்சதுரமே வேண்டும் என்று சர்ச்சில் வாதாடினார். எல்லா உறுப்பினர்களுக்கும் இடம் போதாத அளவுக்கு மண்டபம் சிறியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பெரிய மண்டபத்தில் காலி இருக்கைகளின் நடுவே விவாதம் செத்துப்போகும் என்பது அவர் கணக்கு. அப்படியேதான் கட்டினார்கள். முதல் நாள் எதிரெதிர் வரிசை, மறுநாள் அரைவட்டம் என்று மாற்றிப் போட்டு, பேச்சின் தொனி மாறுகிறதா என்று மாணவர்களையே கவனிக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: அறிமுகம்

இது பத்து நிமிட வேலை. உறுப்பினர் எழுந்து மசோதாவின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்ய அனுமதி கேட்பார். அவை குரல் வாக்கில் அனுமதிக்கும். விவாதம் கிடையாது. முதல் வாசிப்பு என்பது இவ்வளவுதான்.

ஒன்று மட்டும் இங்கே சொல்லுங்கள். அமைச்சர் கொண்டுவரும் மசோதாவும் சாதாரண உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் ஒரே கதவால் நுழைந்தாலும் ஒரே கதியை அடைவதில்லை. இந்திய நாடாளுமன்றத்தில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக அது நடந்தது 1970இல். திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. பிறகு அரசே தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அதன் உள்ளடக்கம் வேறு. தோற்றுப்போன மசோதாவும் ஒரு வேலை செய்துவிட்டுப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: குழு

அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் மற்றப் படிகளில் வெட்டுங்கள், இதில் வேண்டாம்.

மூன்று கட்சிகளிலிருந்தும் அவற்றின் பலத்துக்கு ஏற்ப ஒன்பது பேரைக் குழுவுக்கு எடுங்கள்: நான்கு, மூன்று, இரண்டு. மற்றவர்கள் சுற்றி அமர்ந்து பார்க்கலாம், பேசக்கூடாது. இந்திய நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அவை மூடிய கதவுக்குள் கூடுகின்றன. கேமரா இல்லாததால் கைதட்டலுக்காகப் பேசத் தேவையில்லை. கட்சிக் கோட்டைத் தாண்டிய பேச்சு அங்கேதான் நடக்கிறது. எல்லா மசோதாவும் அங்கே கட்டாயம் போக வேண்டும் என்று விதி இல்லை. அமெரிக்காவில் குழு மசோதாக்களின் சுடுகாடு. அங்கே அறிமுகமாகும் மசோதாக்களில் மிகப் பெரும்பாலானவை குழுவிலிருந்து திரும்பி வருவதே இல்லை.

குழுவின் முதல் வேலை சாட்சிகளை அழைப்பது. எங்கள் குழு உடற்கல்வி ஆசிரியரையும், திடலைப் பராமரிக்கும் ஊழியரையும், ஆறாம் வகுப்பிலிருந்து இருவரையும் அழைத்தது. உடற்கல்வி ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பாதி என்றால் எந்தப் பாதி?”

குழுவில் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. திடலை நீளவாக்கில் வெட்டினால் இரண்டு பக்கமும் ஒல்லியான பட்டைகள். யாராலும் கால்பந்து ஆட முடியாது. குறுக்கே வெட்டினால் ஆளுக்கொரு கோல் கம்பம் கிடைக்கும். சின்ன ஆட்டம் ஆடலாம். ஆனால் மேற்குப் பாதியில் மரநிழல் இருக்கிறது, கிழக்குப் பாதி பொட்டல். அடுத்து ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சொன்னது: “பாதி கொடுத்தாலும் பந்து எங்கள் பக்கம்தான் வரும், அண்ணா. பந்து பட்டால் வலிக்கும்.” கயிறு கட்ட வேண்டும். கயிற்றை யார் கட்டுவது, யார் அவிழ்ப்பது? ஊழியர் உடனே சொல்லிவிட்டார், தமக்கு அந்த நேரத்தில் குடிநீர்த் தொட்டி வேலை இருக்கிறது என்று.

“பாதி” என்ற ஒரு சொல்லுக்காக நாற்பது நிமிடம் போயிற்று. கடைசியில் “நடுக்கோட்டுக்கு மேற்கே உள்ள பகுதி” என்று எழுதினார்கள். கயிறு கட்டும் பொறுப்பை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்து ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். நிழலை விட்டுக்கொடுக்க மனமில்லாத இருவர், தங்கள் எதிர்ப்பை மாற்றுக் கருத்துக் குறிப்பாக எழுதி அறிக்கையோடு இணைத்தார்கள். நாடாளுமன்றக் குழுக்களிலும் இதே வழக்கம் உண்டு.

இது முடிந்த பிறகே உண்மைக் கதையைச் சொல்லுங்கள். முதல் நாள் கையில் கொடுத்த அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் இப்படியான ஓர் இழுபறியில்தான் சிக்கியது. வரதட்சணை என்று எதைச் சொல்வது, திருமணத்தில் தரும் பரிசுகள் அதில் சேருமா என்ற வரையறைச் சிக்கலில் இரண்டு அவைகளும் உடன்படவில்லை. அதைத் தீர்க்க இரண்டு அவைகளும் கூட்டாக அமர வேண்டியிருந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படிக் கூட்டுக் கூட்டத்தில் மசோதா நிறைவேறியது மூன்றே முறை: 1961, 1978, 2002. “பாதி”க்காக நாற்பது நிமிடம் போராடிய பிறகு இதைக் கேட்கும் மாணவர் முகத்தில் தெரியும் புரிதல், முன்பே சொல்லியிருந்தால் வந்திருக்காது.

ஆறாம் படி: அவையில் விவாதமும் வாக்கெடுப்பும்

விதிகள் குறைவாக இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். எதிர்த்தரப்பை நேராக விளிக்கக் கூடாது. எல்லாப் பேச்சும் அவைத்தலைவரை நோக்கியே இருக்க வேண்டும். “நீ பொய் சொல்கிறாய்” என்பதை “பேரவைத் தலைவர் அவர்களே, உறுப்பினர் கூறிய தகவல் சரியல்ல” என்று மாற்றும்போதே பாதிக் கோபம் இறங்கிவிடும். தகாத சொல் வந்தால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு.

பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்தங்களைக் கேட்டு வாக்கெடுங்கள். முதலில் குரல் வாக்கெடுப்பு. யாராவது மறுத்தால் தலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கையின் அருமையைச் சொல்ல வரலாற்றின் இரண்டு நாள்களை நினைவுபடுத்தினால் போதும். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் காலகன் அரசு 311க்கு 310 என்று ஒரு வாக்கில் வீழ்ந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று அதேபோல ஒரு வாக்கில் வீழ்ந்தது.

மாணவர்கள் ஐந்தாம் நிமிடமே வெளிநடப்பு செய்வார்கள். தொலைக்காட்சியில் பார்த்தது அதுதானே. தடுக்காதீர்கள். எங்கள் வகுப்பில் 12 பேர் கொண்ட கட்சி கோஷம் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனது. அவைத்தலைவர் வாக்கெடுப்பைத் தொடர்ந்து நடத்தினாள். அவர்கள் திரும்பி வந்தபோது மூன்று பிரிவுகள் நிறைவேறியிருந்தன, அவர்கள் கொடுத்திருந்த திருத்தமும் தோற்றிருந்தது. அதன் பிறகு யாரும் இருக்கையை விட்டு எழவில்லை.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று தம் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடும் கொறடாவைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு கட்சிக்கும் “ஆதரித்து வாக்களிக்கவும்” அல்லது “எதிர்த்து வாக்களிக்கவும்” என்று ஒரு சீட்டைக் கொடுங்கள். தொகுதி ஒன்று சொல்கிறது, கட்சி வேறொன்று சொல்கிறது, மனசாட்சி மூன்றாவதைச் சொல்கிறது. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அமெரிக்காவில் உறுப்பினர் தம் கட்சியை எதிர்த்து வாக்களித்தாலும் பதவி போகாது. எது நல்லது என்று என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். அது ஒரு பாடவேளைக்குத் தாங்கும் விவாதம்.

ஏழாம் படி: மற்றோர் அவை, பிறகு ஒப்புதல்

பக்கத்து வகுப்பை மேலவையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பாடவேளையில் படித்துப் பார்த்துத் திருத்தத்தோடு திருப்பி அனுப்பட்டும். இரண்டாம் அவை தேவையா என்ற கேள்வி தானாக எழும். நியூசிலாந்து 1950இலும் இலங்கை 1971இலும் மேலவையை நீக்கிவிட்டன. தமிழ்நாட்டின் மேலவை 1986இல் கலைக்கப்பட்டது. இந்திய மாநிலங்களவையோ கலைக்கப்படுவதே இல்லை. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வு பெறுகிறார்கள்.

ஒப்புதல் தலைமையாசிரியருடையது. உங்கள் நாட்டு வழக்கத்தை அவரிடம் சொல்லி அதன்படி நடக்கச் சொல்லுங்கள். அமெரிக்க ஜனாதிபதி மறுத்தால் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு அதை மீறலாம். பிரிட்டனில் மன்னர் தரப்பு ஒப்புதலைக் கடைசியாக மறுத்தது 1708இல். இந்தியக் குடியரசுத் தலைவர் சாதாரண மசோதாவைத் திருப்பி அனுப்பலாம், மீண்டும் நிறைவேறி வந்தால் ஒப்புதல் தந்தாக வேண்டும். இலங்கையில் சபாநாயகர் சான்றளித்ததுமே மசோதா சட்டமாகிறது.

எட்டாம் படி: பணமும் கேள்வியும்

இந்த இரண்டையும் ஒரே பாடவேளையில் செய்யலாம். பணத்துக்கு ஒரு சின்ன விளையாட்டு போதும். “அமைச்சரவை” 100 புள்ளிகளைக் கயிறு, பந்து, குடிநீர், முதலுதவி என்று பங்கிட்டுக் கோரிக்கை வைக்கட்டும். மற்றவர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரட்டும். இந்திய மக்களவையில் ஒரு துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால் அதன் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். எத்தனை கோடிக் கோரிக்கையாக இருந்தாலும் அதே 1 ரூபாய், அதே 100 ரூபாய். மாணவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும்.

கேள்வி நேரத்துக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் பட்டியலில் இருக்கும். அமைச்சர் வாயால் பதில் சொல்லியாக வேண்டியவை அவை. அவற்றின் மீது துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எங்கள் வகுப்பில் ஒருவன் முதலில் எழுதியது: “திடல் ஏன் சுத்தமாக இல்லை?” அமைச்சராக இருந்த மாணவி அசராமல் சொன்னாள்: “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.” அவன் திரும்பப் போய் எழுதி வந்தான்: “ஜூன் மாதம் முதல் இன்று வரை திடல் எத்தனை முறை சுத்தம் செய்யப்பட்டது? கடைசியாக எந்தத் தேதியில்? அதற்குப் பொறுப்பானவர் யார்?” அமைச்சர் பதிவேட்டைத் தேடி ஓட வேண்டியதாயிற்று.

மதிப்பிடுவது எப்படி

படிகளை வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வியை விட்டுவிடுங்கள். ஓட்டை உள்ள ஐந்து வரி மசோதா ஒன்றைக் கொடுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்துத் திருத்தம் எழுதச் சொல்லுங்கள். தான் எதிர்த்த தரப்பின் மிக வலுவான வாதத்தை அரைப்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இதில் நன்றாக எழுதுபவர் பெரும்பாலும் அவையில் அதிகம் பேசாதவராக இருப்பார். அவைக்குறிப்பு எழுதிய இருவருக்கும் வரைவாளருக்கும் பேச்சாளர்களுக்குச் சமமான மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலைகளுக்கு ஆள் கிடைக்காது.

முடிந்த பிறகு வருவது

எங்கள் மசோதா 21க்கு 14 என்று நிறைவேறி, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தலைமையாசிரியரின் கையெழுத்தும் பெற்றது. மதியம் மணி அடித்தது. ஆறாம் வகுப்புக் குழந்தைகள் அறுபது பேர் திடலின் மேற்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். கால்பந்துக்காரர்கள் நகரவில்லை, சட்டம் அடுத்த வாரத்திலிருந்துதான் என்றார்கள். எந்த வாரத்திலிருந்து என்று மசோதாவில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுக் குழந்தைகள் என்னிடம் ஓடி வந்தார்கள். எங்கும் எழுதவில்லை. ஒன்பது பேர் கொண்ட குழு, 35 பேர் கொண்ட அவை, பக்கத்து வகுப்பு மேலவை, நான், யார் கண்ணிலும் படவில்லை.

நடைமுறைக்கு வரும் நாளைச் சட்டம் சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்த நாளே அந்த நாள் என்பது இந்தியாவில் மத்தியச் சட்டங்களுக்கான பொது விதி என்று சொன்னேன். குழந்தைகள் கத்திக்கொண்டு திடலுக்குள் ஓடினார்கள். கயிறு இன்னும் வாங்கியிருக்கவில்லை. முதல் பத்து நிமிடத்தில் ஒரு சிறுமியின் முழங்காலில் பந்து பட்டது.

மறுநாள் காலை வகுப்பில் நான் நுழைவதற்கு முன்பே மேசைமீது ஒரு தாள் கிடந்தது. தலைப்பு: “விளையாட்டுத் திடல் ஒதுக்கீடு, முதல் திருத்த மசோதா.” இரண்டே பிரிவுகள். ஒன்று, கயிறு கட்டப்படும் வரை மேற்குப் பகுதியில் பந்து ஆடக்கூடாது. இரண்டு, இந்தத் திருத்தம் நாளை முதல் நடைமுறைக்கு வரும். “நாளை” என்ற சொல்லை யாரோ அடித்துவிட்டுத் தேதி எழுதியிருந்தார்கள்.